பொக்கு

செங்கல் படம் போட்ட தாள்.
வண்ணாரப்பேட்டையில் பேரம் பேசி
ஆறு சுருள் வாங்கி வந்தோம் எர்ணாவூருக்கு.
செங்கல் சுவரின் மேல் செங்கல் படம்.
ஒட்டி முடித்த அன்றைக்கு லோகு
தள்ளி நின்று பார்த்து
'வெளிநாடு மாதிரி இருக்குது' என்றான்.
எந்த வெளிநாடு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மழைக்காலம் தாங்கியது.
மூன்றாவதில் மூலை எழும்பி
மின்விசிறிக் காற்றில் இரவெல்லாம்
யாரோ கணக்குநோட்டைப் புரட்டுவதுபோல் படபடத்தது.
லோகு ஹார்பரில் டபுள் டூட்டி பார்த்த ஒரு ஞாயிறு
முனையைப் பிடித்து இழுத்தேன்.

தாளோடு வந்தது பெயிண்ட்.
பெயிண்டோடு வந்தது பூச்சு.
பூச்சோடு ஒரு ஆணி,
எதை மாட்டினோம் என்று நினைவில்லை.
கடைசியில் அந்தக் கோடு.
இடுப்புக்கு ஒரு சாண் மேலே
அறையைச் சுற்றி அவ்வளவு நேராக.
கொத்தனார் ரசமட்டம் வைத்தாலும் வராது.
தண்ணீருக்கு மட்டம் யார் சொல்லித்தர வேண்டும்?

வெள்ளத்தோடு எண்ணெயும் வந்த வருஷம் அது.
சோப்புத்தூள், மண்ணெண்ணெய், எலுமிச்சை,
எதற்கும் போகாததைத்தான்
தாளுக்குள் மூடி வைத்திருந்தோம்.

பெயிண்டர் நவநீதன் வந்தான்.
தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.
'இங்க பொக்கு. இங்க பொக்கு. இது கெட்டி.
எண்ணெ குடிச்ச எடத்தக் கொத்திட்டுப் பூசணும்க்கா.
இல்லன்னா எத்தினி கோட்டு அடிச்சாலும் மேல வந்துடும்.'
பதினாலாயிரம் என்றான்.
டீ குடித்துவிட்டுப் போனான்.
தட்டுகிற விதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

வெந்நீர்த் துணியால் பசையை ஊறவைத்து
தோசைத் திருப்பியால் சுரண்டினேன்
(இனி அதில் தோசை கிடையாது).
காய்ந்ததும் தட்டினேன்.
டக். டக். டொம்.
டொம் என்ற இடத்திலெல்லாம் சாக்பீஸ் வட்டம்.
அம்மை வார்த்த முதுகாய் நின்றது சுவர்.

டொம்.
அந்தப் பக்கமிருந்தும் ஒரு டொம்.
நின்றேன்.
மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது.

பிரிசில்லா.
நிவாரணப் பட்டியலில்
அவள் பெயர் இருந்து என் பெயர் இல்லாமல் போனதிலிருந்து
குழாயடியில் குடத்தைப் பார்த்துப் பேசிக்கொள்பவர்கள் நாங்கள்.

'இன்னா பண்ற?' கேட்டது சுவர்.
'பேப்பர பிச்சிட்டேன்.'
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
'கோடு கீதா?'
'இருக்குது.'
'எனக்கு பீரோ பின்னாடி. நான் நகத்துறதேயில்ல.'

சாயங்காலம் வாசலில் ஓர் உளி, ஒரு சுத்தியல்,
கூடவே அவள்.
எண்ணெய் குடித்த பூச்சு
கட்டி கட்டியாய்க் கோணியில் விழுந்தது.
உள்ளே நிஜச் செங்கல்.
படத்தில் இருந்ததைவிட வெளுப்பு.
வரிசையும் சரியில்லை.
பட்டியலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும்.
மணலைச் சலித்தாள். நான் சிமெண்டைக் கொட்டினேன்.

பிறகு ஒரு வாரம்
தண்ணீரால் கெட்ட சுவருக்கு
காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன்.
காயவிட்டுப் பட்டி. மறுபடி காயவிட்டு இன்னொரு பட்டி.
செல்போன் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால்
கண்ணுக்குத் தெரியாத மேடெல்லாம் நிழல் விடுகிறது.
தானாகவே உப்பு பூக்கிற ஊரில்
காசு கொடுத்து வாங்கிய உப்புத்தாளால் தேய்க்கிறோம்.
லோகுவின் புருவமெல்லாம் வெள்ளை.
எழுபது வயதில் எப்படி இருப்பான் என்று தெரிந்துவிட்டது.

நிறம் இன்னும் முடிவாகவில்லை.
பச்சை என்கிறான். பச்சை வேண்டாம்.
பிரைமர் டப்பா திறக்காமல் கிடக்கிறது.

வருகிற ஞாயிறு பிரிசில்லாவின் பீரோவை நகர்த்த வேண்டும்,
சொல்லலாமென்று சுவரைத் தட்டினேன்.
கெட்டி.
அந்தப் பக்கம் கேட்டிருக்காது.
செருப்பைத் தேடுகிறேன்.